இனிமே ஒக்காரலாம்

அவர் யார் வீட்டுக்குப் போனாலும் வாசலில் ஒரு நொடி நிற்பார். செருப்பைக் கழற்றுவதற்கு முன்னால் மூச்சை ஒருமுறை உள்ளே இழுப்பார். அதற்குப் பிறகுதான் பேச்சு. "இன்னாமா, காலையில கருவாடா?" என்பார். "கொழந்தைக்குச் சளியா? தைலம் தடவிக்கீறீங்க" என்பார். அவர் சொன்னது தப்பாகப் போனதை நான் பார்த்ததில்லை. அதாவது, 1991-ஆம் வருஷத்தின் முதல் பாதிவரை பார்த்ததில்லை.

மண்ணூரில் எங்கள் தெருவிலேயே நான்கு வீடு தள்ளி இருந்தார். ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் வண்டிகளுக்கு இரும்பு பாகங்கள் செய்து கொடுக்கும் கம்பெனி ஒன்றில் இருவருக்கும் வேலை. நான் ஸ்டோர்ஸில் கிளார்க். அவர் வாஷிங் செக்‌ஷன். பெயிண்ட் அடிப்பதற்கு முன்னால் பாகங்களில் இருக்கும் எண்ணெய்ப் பிசுக்கைத் தொட்டியில் முக்கி எடுக்கவேண்டும். தொட்டியில் இருப்பது பெட்ரோல் மாதிரியான ஒரு திரவம். சால்வென்ட் என்போம். அந்த ஷெட்டுக்குள் ஐந்து நிமிஷம் நின்றால் எனக்குத் தலை சுற்றும். அவர் அங்கே எட்டு மணி நேரம் நிற்பார், ஓ.டி. இருந்தால் பன்னிரண்டு. மூக்கில் கட்டிக்கொள்ள ஒரு துணி கொடுத்திருந்தார்கள்.

அப்போது அவருக்கு ஐம்பது தாண்டியிருந்தது. நான் அண்ணா என்று கூப்பிடுவேன். அவர் என்னை 'ம்மா' போட்டுப் பேசுவார்.

எங்கள் பக்கம் அப்போதுதான் வீடுகளுக்கு சோபா வர ஆரம்பித்திருந்தது. மரச்சட்டம், உள்ளே பஞ்சு, மேலே துணியை இழுத்து ஆணி அடித்துத் தைத்த சோபா. பாய் என்றால் தட்டிச் சுருட்டலாம், தலையணை உறை என்றால் துவைக்கலாம். கழற்ற முடியாத துணியை என்ன செய்வதென்று யாருக்கும் தெரியவில்லை. சூப்பர்வைசர் வீட்டு அம்மா ஒரு குடம் தண்ணீரையும் சோப்புத் தூளையும் ஊற்றித் தென்னந்துடைப்பத்தால் தேய்த்துவிட்டார். ஒரு வாரத்தில் வீடே நாறியது. சூப்பர்வைசர் இவரைக் கூட்டிக்கொண்டு போனார்.

அன்றிலிருந்து ஞாயிற்றுக்கிழமைகளில் அவருக்கு இதுதான் வேலை. ஆசையாகச் செய்வார். சோபாவை வெளியே தூக்கி நிழலில் போடச் சொல்வார். வெயிலில் போட்டால் துணி வெளுத்துவிடும். பிரம்பால் மெதுவாகத் தட்டுவார். முதுகும் இருக்கையும் சேரும் இடுக்கில் கையை விட்டு வேர்க்கடலைத் தோல், ஊக்கு, உடைந்த வளையல், பேனா மூடி எல்லாவற்றையும் வெளியே எடுத்து அந்த வீட்டம்மா கையில் கொடுப்பார். எண்ணெய்க் கறை என்றால் அரிசி மாவைத் தூவி அரை நாள் விட்டு பிரஷ்ஷால் எடுப்பார். சோப்பில் நுரையை மட்டும் வழித்துத் துணியில் தடவி, ஈரத் துணியால் ஒற்றுவார். "தண்ணி உள்ள எறங்கக் கூடாதும்மா. எறங்கிச்சுன்னா பஞ்சு அழுவிடும், நீங்க மேல பவுடர் போட்டுக்கினு இருப்பீங்க" என்பார்.

எதற்கும் போகாத கறைக்கு மட்டும்தான் சால்வென்ட். ஒரு பழைய மருந்து பாட்டிலில் அரை பாட்டில். அதைக் கொடுத்தது நான். ஸ்டோர்ஸில் அவர் கேட்டால் நான் ஊற்றிக் கொடுப்பேன். எங்கும் எழுதமாட்டேன். அந்த வருஷம் மே மாதம் ஸ்ரீபெரும்புதூரில் குண்டு வெடித்ததற்குப் பிறகு எங்கள் பக்கத்துச் சாலைகளில் போலீஸ் எல்லோர் பையையும் திறந்து பார்த்தது. ஒரு கான்ஸ்டபிள் அந்த பாட்டிலை மோந்து பார்த்துவிட்டு அவரை அரை மணி நேரம் நிறுத்தி வைத்தார். "சோபா தொடைக்கிற மருந்து சார்" என்று சொல்லி வெளியே வந்தார். மறுநாள் எனக்கு அதைச் சொல்லிச் சிரித்தார். நானும் சிரித்தேன்.

சால்வென்ட் போட்ட அன்று அந்த வீட்டுக்கே சட்டம் போடுவார். ஜன்னல் எல்லாம் திறந்திருக்க வேண்டும். அடுப்பு பற்ற வைக்கக் கூடாது. ஸ்விட்ச் போடக் கூடாது, அதிலும் பொறி வரும். பீடி பிடிப்பவர்கள் தெருமுனைக்குப் போக வேண்டும். சாயங்காலம் திரும்பி வந்து சோபாவின் முன் மண்டியிட்டு, இருக்கையில் முகத்தைப் புதைப்பார். கொஞ்ச நேரம் அப்படியே இருப்பார். எழுந்து, "இனிமே ஒக்காரலாம்" என்பார். அந்த வார்த்தை வராமல் எந்த வீட்டிலும் விளக்குப் போடமாட்டார்கள்.

அந்த மூக்கால் அவருக்குத் தெரிந்ததெல்லாம் சோபாவோடு நிற்கவில்லை. எங்கள் கேஷியர் வீட்டு சோபாவின் ஓரத்தை மோந்துவிட்டு, "இங்க யாரு ஒக்காருவாங்க?" என்று கேட்டார். கேஷியரின் மாமியார். "ஆஸ்பத்திரியில சர்க்கரை இருக்கான்னு பாத்துடுங்க" என்றார். பார்த்தார்கள். இருந்தது. இன்னொரு வீட்டில், பக்திக்குப் பெயர் போன ஒரு பெரிய மனிதர் உட்காரும் மூலையில் சாராய வாசனை. அந்த வீட்டம்மா பின்னால் நின்று, "இன்னாண்ணா கறை அது?" என்று கேட்டார். "காப்பி கொட்டிக்கீதும்மா" என்றார் இவர். வெளியே வந்த பிறகுதான் எனக்குச் சொன்னார். "தெரிஞ்சதெல்லாம் சொல்லணும்னு இன்னா கீது?"

எப்போது மாற ஆரம்பித்தது என்று எனக்குச் சரியாகத் தெரியாது. ஜூன், ஜூலை வாக்கில் வாசலில் நிற்பதை மட்டும் விடவில்லை, ஆனால் எதையும் சொல்லாமல் உள்ளே போனார். கேன்டீனில் சாம்பாரைத் தொட்டுக்கொண்டே, "இன்னா வாசனைம்மா வருது உனக்கு?" என்று என்னைக் கேட்பார். விளையாடுகிறார் என்று நினைத்தேன். "பெருங்காயம் ஜாஸ்திண்ணா" என்பேன். "அதான்" என்பார். அவர் மனைவியை நான் அண்ணி என்பேன். அண்ணி ஒருநாள் சந்தோஷமாகச் சொன்னார்: "முன்னெல்லாம் நேத்து கொழம்ப வெச்சா தட்டத் தள்ளுவாரு. இப்போ ஊசிப்போனதக்கூட வாயத் தொறக்காம துன்னுட்டுப் போறாரு. வயசு ஆவுதில்ல, அடங்கிட்டாரு."

ஆவணியில் ஒருநாள் அவர் வீட்டுக்கு ரேஷன் கார்டு வாங்கப் போனேன். அண்ணி கடைக்குப் போயிருந்தார். அவர் அடுக்களை வாசலிலேயே நாற்காலி போட்டு, அடுப்புக்கு முதுகைக் காட்டிக்கொண்டு பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். தெருவிலேயே எனக்குக் கருகல் நாற்றம் அடித்தது. உள்ளே பால் பொங்கி வழிந்து, வற்றி, பாத்திரத்தின் அடி சிவந்துகொண்டிருந்தது. புகை அவர் தோளைத் தாண்டி வெளியே வந்துகொண்டிருந்தது. அவர் என்னைப் பார்த்துச் சிரித்து, "வாம்மா" என்றார்.

நான் ஓடிப்போய் அடுப்பை அணைத்தேன். திரும்பியபோது அவர் எழுந்து நின்றிருந்தார். பேப்பரை நான்காக மடித்துக்கொண்டிருந்தார்.

"எவ்ளோ நாளாண்ணா?"

"மூணு நாலு மாசம் கீதும்மா. மொதல்ல சளின்னு நெனச்சேன்." கருகின பாத்திரத்தை எட்டிப் பார்த்தார். "இவகிட்டகூடச் சொல்லல. நீயும் சொல்லாத. செக்‌ஷன்ல தெரிஞ்சா இன்னா சொல்லுவான்? ஒனக்கு லீக் ஆனாத் தெரியாதுன்னு வெளிய அனுப்பிடுவான். இன்னும் அஞ்சாறு வருஷம் கீது எனக்கு."

"டாக்டர்கிட்ட காட்டலாமே."

"கம்பெனி டாக்டருதான? காட்டலாம், காட்டலாம்."

சொல்லமாட்டேன் என்று வாக்குக் கொடுத்தேன். பாத்திரத்தை நானே தேய்த்துக் கவிழ்த்தேன். அண்ணி வருவதற்குள் கிளம்பிவிட்டேன். அடுத்த சில ஞாயிறுகளில் அவர் சோபா வேலைக்குப் போகாமல் ஏதேதோ சாக்கு சொன்னார். எனக்கு அது நிம்மதியாக இருந்தது.

என் அக்கா குன்றத்தூரில் வாடகைக்கு இருந்தாள். வீட்டுக்காரர் பம்பாயில் மகனோடு போய்த் தங்கிவிட்டதால் முன்னறையில் அவருடைய சோபா அப்படியே கிடந்தது. பத்திரமாகப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்ற பேச்சில்தான் வீட்டையே கொடுத்திருந்தார். ஐப்பசியில் அக்காவின் சின்னவள் நல்லெண்ணெய்த் தூக்கை சோபாவில் கவிழ்த்துவிட்டாள். வீட்டுக்காரர் அடுத்த வாரம் வருவதாகக் கடிதம் வந்திருந்தது. அக்கா அழாத குறை. "உங்க கம்பெனியில ஒருத்தரு கீறாருன்னு சொல்லுவியே, அவரக் கூட்டிக்கினு வா."

சொல்லியிருக்க வேண்டிய இடம் அதுதான். நான் அவரிடம் போய்க் கேட்டேன். உன் அக்காவுக்கு இல்லாமலா என்று அவர் உடனே கிளம்பினார். முகத்தில் பழைய தெளிவு வந்திருந்தது. நான் பாட்டிலை நிறைத்துக் கொடுத்தேன்.

ஞாயிறு காலை குன்றத்தூர் போனோம். அன்றைக்கென்று மழை. சோபாவை வெளியே எடுக்க முடியவில்லை. சாரல் அடித்ததால் முன்னறை ஜன்னல்களில் ஒன்றைத்தான் திறந்து வைக்க முடிந்தது. எண்ணெய் பஞ்சுக்குள் இறங்கியிருந்தது. மாவுக்குக் கட்டுப்படவில்லை. வழக்கமாகத் துணியில் தொட்டு ஒற்றுகிறவர், அன்று பாட்டிலைச் சாய்த்து ஊற்றினார். ஓரத்திலிருந்து நடுவுக்கு, வெள்ளைத் துணியால், பொறுமையாக எடுத்தார். கறை போய்விட்டது. அக்கா கையெடுத்துக் கும்பிட்டாள்.

எனக்கு மதியத்துக்கு மேல் கம்பெனியில் ஸ்டாக் எடுக்கும் வேலை. கிளம்பும்போது அவரைத் தனியாகப் பார்த்து, "ண்ணா, வாசனை போச்சான்னு அக்காவை ஒருவாட்டி கேட்டுக்கோங்க" என்றேன். குரலைத் தாழ்த்தித்தான் சொன்னேன். ஆனாலும் அவர் முகம் விழுந்துவிட்டது. "சரிம்மா" என்றார். வாசலில் அக்கா குடையைக் கையில் கொடுத்தாள். அவளிடம் ஒரு வார்த்தை சொல்ல வாய் எடுத்தேன். அவர் அந்தப் பக்கம் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். நான் குடையை விரித்துக்கொண்டு இறங்கிவிட்டேன்.

மற்றதெல்லாம் அக்கா பிறகு சொன்னது. ஐந்தரை மணிக்கு அவர் சோபாவின் முன் மண்டியிட்டு வழக்கம்போல் முகத்தைப் புதைத்திருக்கிறார். கையால் அழுத்திப் பார்த்திருக்கிறார். மேலே துணி காய்ந்திருந்தது. அக்கா, "இன்னும் கொஞ்சம் வாசனை அடிக்குதேண்ணா" என்றிருக்கிறாள். அவர் மறுபடியும் குனிந்து முகத்தைப் புதைத்திருக்கிறார். அப்புறம், "அது துணியில தங்கின வாசனைம்மா. நாலு நாளைக்கு இருக்கும். இனிமே ஒக்காரலாம்" என்றிருக்கிறார். சாரல் அதிகமானதால் போகும்போது திறந்திருந்த ஜன்னலையும் அவரே சாத்திவிட்டுப் போனார்.

அவர் பஸ்ஸுக்காகத் தெருமுனை டீக்கடையில் ஒதுங்கி நின்றார். மாமா, அதாவது அக்காவின் கணவர், வேலைக்குப் போயிருந்தார். பிள்ளைகள் பக்கத்து வீட்டில் டி.வி. பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஆறு மணிக்கு அக்கா முன்னறை மாடத்தில் விளக்கேற்றத் தீக்குச்சியைக் கிழித்தாள். "கிழிச்சதுதான் தெரியும். ரூமே பத்திக்கிச்சு" என்பாள்.

சத்தம் கேட்டு முதலில் ஓடி வந்தது அவர்தான். ஜமக்காளத்தைச் சுற்றி அக்காவைத் தரையில் உருட்டி வெளியே இழுத்தார். அவருடைய புருவமும் மீசையும் கருகின. வலது உள்ளங்கை வெந்துபோனது.

அக்கா சென்னைப் பெரிய ஆஸ்பத்திரியில் இரண்டரை மாதம் கிடந்தாள். பிழைத்தாள். வலது கையில் நான்கு விரல்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. கழுத்துத் தோல் இழுத்து, தலையை முழுதாக நிமிர்த்த முடியாமல் போயிற்று. கல்யாணமான பெண் தீக்காயத்தோடு வந்தால் போலீஸ் யாரைப் பிடிக்கும்? மாமாவைக் கொண்டுபோய் இரண்டு நாள் ஸ்டேஷனில் உட்கார வைத்தார்கள். கையில் கட்டோடு இவர்தான் போய் நின்றார். "அவரு மேல ஒரு தப்பும் இல்ல சார். மருந்து போட்டது நான். காஞ்சுடுச்சுன்னு சொன்னதும் நான்."

மருந்து எங்கிருந்து வந்தது என்ற கேள்வி கம்பெனிக்கு வந்தது. மேனேஜர் அறையில் அவரையும் என்னையும் நிறுத்தினார்கள். "ஸ்டோர்ஸ்லேர்ந்து போச்சா?" என்று மேனேஜர் என்னைப் பார்த்துக் கேட்டார். நான் அண்ணாவைப் பார்த்தேன்.

"இந்தப் பொண்ணுக்கு ஒண்ணும் தெரியாது சார். தொட்டியிலேர்ந்து நானே மொண்டுக்கினு போனேன்" என்றார் அவர்.

பதினான்கு வருஷ வேலை. திருட்டு என்று எழுதி அனுப்பிவிட்டார்கள். அவர் கையெழுத்துப் போடும்போது, கட்டுப் போட்ட கையில் பேனா நிற்காததால், நான் பேப்பரைப் பிடித்துக்கொண்டேன்.

அவர்கள் மண்ணூரைக் காலி செய்து, அண்ணியின் ஊரான மணிமங்கலத்துக்குப் போனார்கள். அங்கிருந்து மாதம் ஒருமுறை பழம் வாங்கிக்கொண்டு அக்காவைப் பார்க்க வருவார். உள்ளே கூப்பிட்டாலும் வரமாட்டார், வாசற்படியோடு நின்று பேசிவிட்டுப் போவார். அக்கா இடது கையால் அவருக்கு டீ கொடுப்பாள். அவள் ஒருநாளும் அவரைப் பழித்ததில்லை. "வேணும்னா செஞ்சாரு? ஏதோ நேரம்" என்பாள். தீப்பிடிப்பதற்கு முன்பே அவருக்கு வாசனை தெரியாமல் போயிருந்ததை அவள் அறிந்திருக்கவில்லை. அவருக்கும் எனக்கும் மட்டும் தெரிந்த விஷயமாக அது நின்றது.

நாலைந்து வருஷம் கழித்து யூனியன்காரர் ஒருவர் என் வீட்டுக்கு வந்தார். வாஷிங் செக்‌ஷனில் ஆறு பேருக்கு மூக்கு போயிருக்கிறது, சிலருக்குக் கை நடுக்கம், கேஸ் போடுகிறோம் என்றார். மற்ற ஐந்து பேருக்கும் சிக்கல் இல்லை. "அவரு விஷயத்துல மட்டும், மூக்கு அந்தத் தீப்புகையிலதான் போச்சுன்னு கம்பெனி சொல்லுது. அதுக்கு முன்னாடியே போச்சுன்னு யாராவது ஒருத்தர் சொல்லணும். நீங்க ஒரே தெருவுலதான இருந்தீங்க?"

மறுநாள் மணிமங்கலம் போனேன். அவர் கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். நடுக்கத்தில் டம்ளரைப் பிடிக்க முடியாமல், அண்ணி தண்ணீரைக் குடிக்க வைத்துக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னேன். சாட்சி சொல்ல வருகிறேன் என்றேன்.

"வேணாம்மா."

"ஏண்ணா?"

"கோர்ட்ல நீ இன்னா சொல்லுவ? தீப்புடிக்கறதுக்கு முன்னாடியே எனக்குத் தெரியும்னு சொல்லுவ. அது உங்கக்கா காதுக்குப் போவும். தெரிஞ்சும் இவர இட்டாந்தியான்னு கேக்கும். நீ இன்னா பதில் சொல்லுவ?" மூச்சு வாங்கியது அவருக்கு. "எனக்குப் போனது போச்சு. உங்க ரெண்டு பேருக்கும் பொறந்த வீடுன்னு வேற யாரு கீறாங்க?"

எனக்குள் முதலில் வந்தது நிம்மதி. துக்கம் அதற்குப் பிறகுதான் வந்தது. அந்த வரிசையை என்னால் இன்றுவரை மாற்றிச் சொல்ல முடியவில்லை.

தெருவரைக்கும் அண்ணி கூட வந்தார். அண்ணிக்கு இப்போது எல்லாம் தெரிந்திருந்தது. "அவரு வேணாம்னாரு" என்றார். "நீயும் சரின்னு கெளம்பிட்ட, இல்ல?"

நான் பஸ் ஏறினேன். யூனியன்காரரிடம், எனக்கு எதுவும் ஞாபகம் இல்லை என்று சொன்னேன். அந்த ஐந்து பேருக்கும் நஷ்டஈடு கிடைத்தது.

அடுத்த வருஷம் ஐப்பசியில் அவர் இறந்தார். அக்காவும் நானும் சாவுக்குப் போனோம். அக்கா அவருடைய கால்மாட்டில் உட்கார்ந்து சத்தம் போட்டு அழுதாள். எங்களைப் பார்த்த அண்ணி அவளை மட்டும் கட்டிக்கொண்டார்.

திரும்பி வந்து குன்றத்தூரில் அக்கா வீட்டு வாசலில் கால் கழுவும்போது அக்காவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பால் கருகியது, நான் கொடுத்த வாக்கு, நிறைத்துக் கொடுத்த பாட்டில், குடையை வாங்கிக்கொண்டு இறங்கியது, மணிமங்கலத்தில் அவர் சொன்னது. அவள் ஈரக்காலோடு நின்று கேட்டாள்.

கடைசியில், "அவரு வாயப் பொத்திக்கினு இருந்தது எனக்காகவா, உனக்காகவா?" என்று கேட்டாள்.

அவள் உள்ளே போய், தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டு வந்து, எனக்குச் சோறு போட்டாள். வழக்கம்போல் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கூட நடந்தாள். மண்ணூர் வழியாகப் போகும் பஸ் வந்து நின்றது. நான் படியில் கால் வைத்தபோது அவள் நிமிர்த்த முடிந்த அளவுக்குத் தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தாள்.

"கொஞ்ச நாளைக்கு வராத" என்றாள்.

அக்காவின் பெண்கள் இருவருக்கும் கல்யாணமாகிவிட்டது என்று கேள்விப்பட்டேன்.